புரோட்டானும் ஹைப்பரானும் நெருங்கும்போது: சீட் கணக்கு, டிக்கெட் கணக்கு

கேள்வி இது: "சார், நியூக்ளியான்களுக்கு இடையே உள்ள விசையை யுகாவா 1935-லேயே மீசான் பரிமாற்றமாக விளக்கிவிட்டார். பிறகு எதற்கு அதையே குவார்க்குகளை வைத்து மறுபடி கட்ட வேண்டும்? சாதாரண அணுக்கரு எதிலும் இல்லாத ஹைப்பரானை ஏன் நடுவில் இழுக்கிறார்கள்? குவார்க்குகள் ஃபெர்மியான்கள், ஒரே இடத்தில் இரண்டு இருக்க முடியாது, அதனால்தான் நியூக்ளியான்கள் நெருங்கினால் விலக்கிக்கொள்கின்றன என்று படித்தேன். அவ்வளவுதானா?"

கேட்டவர் கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வந்து போகும் எம்.எஸ்ஸி. மாணவி. அந்த பஸ் எனக்குப் பின்னால் உதவப் போகிறது என்பதால் சொல்லிவைக்கிறேன்.

கடைசி வரியில் இருந்தே ஆரம்பிக்கிறேன் அம்மா. அவ்வளவுதான் இல்லை. நீங்கள் படித்தது புரோட்டான், நியூட்ரான் விஷயத்தில் (நியூக்ளியான் என்றால் இவை இரண்டும்தான்) தவறு. சில ஹைப்பரான்கள், அதாவது ஸ்ட்ரேஞ்ச் என்ற வகைக் குவார்க்கும் கலந்த புரோட்டானின் உறவுக்காரத் துகள்கள், விஷயத்தில் மிகச் சரி. இந்த வித்தியாசம் புரிந்தால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தானாக வந்துவிடும்.

முதலில் யுகாவா. அவருடைய கருத்து இன்றும் நிற்கிறது. மீசான்களில் மிக லேசான பையானின் நிறை சுமார் 140 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.). அதிலிருந்து விசையின் எட்டும் தூரம் 1.4 ஃபெர்மி என்று வரும். ஃபெர்மி என்பது ஒரு மீட்டரைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. அந்தத் தூரத்தில் பையான்தான் ராஜா, அதை அசைக்க யாரும் முயலவில்லை. தகராறு உள்ளே போகும்போது வருகிறது. 1951-இல் ராபர்ட் ஜாஸ்ட்ரோ, அதிக ஆற்றலில் புரோட்டான்கள் சிதறுவதைப் பார்த்து, சுமார் அரை ஃபெர்மிக்குள் நியூக்ளியான்கள் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளுகின்றன என்றார். மீசான் மாதிரிகள் இந்தத் தள்ளலை ஒமேகா மீசானின் தலையில் கட்டின. அதன் நிறை 782 மெ.எ.வோ., ஆகவே எட்டும் தூரம் கால் ஃபெர்மி.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். புரோட்டானின் ஆரமே 0.84 ஃபெர்மி. அரை ஃபெர்மி இடைவெளியில் இருக்கும் இரண்டு புரோட்டான்கள் பெரும்பகுதி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. அந்த நிலையில் "இது இங்கிருந்து ஒரு மீசானை வீசியது, அது அங்கே பிடித்தது" என்று பேசுவது, ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும் இரண்டு பேர் தபால் எழுதிக்கொண்டார்கள் என்பது போல. கணக்கு வருகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு வர ஒமேகாவின் இணைப்பு வலிமையை, சமச்சீர் விதி சொல்வதைவிடக் கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. போர்வைக்குள் உண்மையில் இருப்பது, ஆளுக்கு மூன்றாக, ஆறு குவார்க்குகள். அவற்றைப் பற்றிக் கேட்பதுதான் நியாயம்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். நம் ஊர் பஸ்ஸில் ஒரு பக்கம் இரண்டு பேர் சீட், மறு பக்கம் மூன்று பேர் சீட். மூன்று பேர் சீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வகைக் குவார்க், ஒரே சுழற்சித் திசை, மிகக் கீழான ஒரே நிலை என்றால் அங்கே மூன்று இடம்தான் உண்டு, ஏனென்றால் குவார்க்கின் 'நிறம்' (மின்னூட்டம் போன்ற ஒரு குணம்) மூன்று வகை. குவார்க் வகைகளில் நமக்கு வேண்டியவை அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச். "அப், மேல்சுழற்சி" என்பதற்கு ஒரு பெஞ்சு. "அப், கீழ்சுழற்சி" என்பதற்கு ஒன்று. டவுனுக்கு இரண்டு, ஸ்ட்ரேஞ்சுக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று பேர்.

புரோட்டானும் நியூட்ரானும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தால் அப்பும் டவுனும் மட்டுமே. பெஞ்சு நான்கு, இடம் பன்னிரண்டு, ஆட்கள் ஆறு. பாதி பஸ் காலி! இரண்டின் சுழற்சியும் மேல்நோக்கி இருக்கும் டியூட்டரான் (கன ஹைட்ரஜனின் கரு) நிலையைப் பாருங்கள். புரோட்டானுக்குள் அதிகம் காணப்படும் அமைப்பு, இரண்டு அப் மேல்சுழற்சி, ஒரு டவுன் கீழ்சுழற்சி. இதன் நிகழ்தகவு மூன்றில் இரண்டு. நியூட்ரானில் அப்பையும் டவுனையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆக, அப் மேல்சுழற்சி பெஞ்சில் இரண்டு பேர், டவுன் மேல்சுழற்சி பெஞ்சில் இரண்டு பேர், மற்ற இரண்டிலும் ஆளுக்கு ஒருவர். யாரும் யார் மடியிலும் உட்கார வேண்டியதில்லை. எனவே ஒரே நிலையில் இரண்டு ஃபெர்மியான் கூடாது என்ற பவுலி விதி மட்டும் நியூக்ளியான்களை விலக்குவதில்லை. இதைத்தான் பல புத்தகங்கள் அவசரத்தில் தவறாகச் சொல்லிவிடுகின்றன.

அப்படியானால் தள்ளுவது எது? டிக்கெட் விலை.

குவார்க்குகளை ஒட்டவைக்கும் குளுவான் என்ற துகளின் பரிமாற்றத்தில் சுழற்சியைப் பொறுத்த ஒரு பகுதி உண்டு. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் சுழற்சிக்கும் புரோட்டான் சுழற்சிக்கும் நடுவே இருக்கும் நுண்பிளவின் பங்காளி இது. மின்னூட்டத்துக்குப் பதில் நிறம். நிறக் காந்த விசை என்று சொல்லலாம். 1975-இல் டி ருஹுலா, ஜார்ஜை, கிளாஷோ மூவரும் இதை வைத்தே பேரியான்களின் (மூன்று குவார்க்குகளால் ஆன துகள்களின்) நிறைப் பட்டியலை விளக்கினார்கள். நியூக்ளியானும் டெல்டா என்ற பேரியானும் அதே மூன்று குவார்க்குகள்தாம், ஆனால் டெல்டா 293 மெ.எ.வோ. கனம் கூடியது. காரணம் சுழற்சிகள் ஒரே திசையில் நிற்பது.

இந்த விசையின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது லாம்டா என்ற ஹைப்பரானைப் பார்த்துத்தான். லாம்டாவிலும், மின்னூட்டமில்லாத சிக்மா ஹைப்பரானிலும் இருப்பவை அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் என்ற அதே மூன்று. ஆனாலும் சிக்மா 77 மெ.எ.வோ. கனம். லாம்டாவில் அப்பும் டவுனும் எதிரெதிராகச் சுழன்று மொத்தச் சுழற்சி பூஜ்யமாகிவிடுகிறது. சிக்மாவில் ஒரே திசையில் சுழல்கின்றன. காந்த விசை நிறைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால் கனமான ஸ்ட்ரேஞ்ச் குவார்க் இதில் கொஞ்சம் சோம்பேறி. லேசான குவார்க்கின் நிறை ஸ்ட்ரேஞ்சின் நிறையில் 0.6 பங்கு என்று வையுங்கள். இடைவெளி = மூன்றில் இரண்டு × (1 − 0.6) × 293 = 78. ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் போடக்கூடிய கணக்கு, ஒரு எண் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது.

அதே விசையை ஆறு குவார்க்குகளுக்குப் போடுங்கள். நிறமில்லாத ஆறு குவார்க்குகளை ஒரே கோளத்தில் அடைத்து, தனித்தனி நியூக்ளியான்களோடு ஒப்பிட்டால், டியூட்டரான் நிலையில் அந்த 293-ஐப் போல் ஆறில் ஏழு மடங்கு, அதாவது சுமார் 340 மெ.எ.வோ. கூடுதல் விலை. சுழற்சி பூஜ்யமான நிலையில் ஒன்றரை மடங்கு, சுமார் 440. சீட் இருக்கிறது, விலைதான் கட்டுப்படியாகவில்லை. விலக்கு விசையின் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது.

கணக்கை முழுதாகச் செய்ய ஒரு பழைய முறை கைகொடுத்தது. 1937-இல் ஜான் வீலர், அணுக்கருக்களுக்குள் நியூக்ளியான்கள் கொத்துக் கொத்தாக நகர்வதைக் கணக்கிட ஒரு வழி வகுத்தார். ரெசனேட்டிங் குரூப் முறை என்று பெயர். நாற்பது வருடம் கழித்து ஒரு படி கீழே இறங்கி, நியூக்ளியான் இருந்த இடத்தில் குவார்க்கையும், கொத்து இருந்த இடத்தில் நியூக்ளியானையும் வைத்தார்கள். 1977-இல் லிபர்மன் ஆரம்பித்தார், 1980-இல் ஓகாவும் யசாகியும் ஒழுங்காகச் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு பேரியானும் மூன்று குவார்க்குகள் கொண்ட ஒரு மணி வடிவ அலை. இரண்டு மணிகளையும் அருகே வைத்து, ஆறு குவார்க்குகளில் எதை எதோடு மாற்றினாலும் அலைச்சார்பின் குறி மாறும்படி கட்டாயப்படுத்த வேண்டும். பிறகு நடுவில் உள்ள தூரத்துக்கான சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும்.

இதில் அழகான ஒரு விஷயம். பேரியான் வெளியே நிறமற்றது. ஆகவே இந்தப் பேரியானின் குவார்க்குக்கும் அந்தப் பேரியானின் குவார்க்குக்கும் நடுவே உள்ள நேரடிக் குளுவான் விசை கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். மிஞ்சுவது ஒரு குவார்க் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் இடம் மாறும் பகுதி மட்டும். மணிகள் ஒன்றின் மேல் ஒன்று படியாவிட்டால் அதுவும் கிடையாது. அதனால்தான் குவார்க் பகுதியின் விசை தானாகவே குட்டையாக இருக்கிறது. வெட்டிக் குட்டையாக்க வேண்டியதில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். குளுவானையும் குவார்க் மாற்றத்தையும் மட்டும் வைத்தால் விலக்கம் கிடைக்கும், ஈர்ப்பு கிடைக்காது. டியூட்டரானைக் கட்டும் 2.22 மெ.எ.வோ. எங்கிருந்தும் வராது. ஆகவே எல்லாரும் கடைசியில் பையானையும் சிக்மா மீசானையும் (சிக்மா ஹைப்பரான் வேறு) கொண்டுவந்து குவார்க்குகளோடு ஒட்டினார்கள். கியோட்டோ, நீகாட்டா பக்கம் ஃபுஜிவாரா, சுசுகி, நகமோட்டோ கட்டிய எஃப்எஸ்எஸ்2 மாதிரி அப்படித்தான். ஐரோப்பாவில் டூபிங்கன், சலமாங்கா ஆய்வாளர்களின் மாதிரிகளும் அப்படித்தான். உள்ளே குவார்க், வெளியே மீசான். கலப்புத்தான். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் தயக்கம் இல்லை. போர்வைக்கு வெளியே தபால் எழுதலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, ஹைப்பரான் எதற்கு.

நியூக்ளியான் சிதறலில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் கையில் இருக்கின்றன. அத்தனை எண்களுக்கும் பொருந்த நாற்பது கைப்பிடிகளை (விருப்பப்படி மாற்றக்கூடிய எண்களை) திருகினால் எந்த மாதிரியும் பொருந்தும். யார் சரி என்று அங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஹைப்பரானுக்கு வந்தால் பழைய சிதறல் அளவீடுகள் நாற்பதைத் தொடுவதே கஷ்டம். லாம்டாவின் ஆயுள் ஒரு நொடியில் ஆயிரம் கோடியில் 2.6 பங்கு, ஒளியின் வேகத்தில் ஓடினாலும் எட்டு சென்டிமீட்டரில் ஆயுள் கரைந்துவிடும். அதைக் கற்றையாக்கி இலக்கில் மோதவிடுவது எப்படி? நம் புதுச்சேரிக்கு வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த லெ ழான்தீயை நினைத்துக்கொள்கிறேன். 1761-இல் போர் காரணமாகக் கரையிறங்க முடியாமல் கப்பலாட்டத்தில் பார்த்தார், பயனில்லை. எட்டு வருடம் காத்திருந்தார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தபோது இங்கே மேகம் மூடிக்கொண்டது. ஹைப்பரான் சோதனை செய்கிறவர்களுக்கு அந்தப் பொறுமைதான் வேண்டும்.

அளவீடு குறைவாக இருக்கும் இடத்தில்தான் மாதிரியின் யோக்கியதை தெரியும். குவார்க் மாதிரியில் நியூக்ளியானுக்குப் பொருத்திய பிறகு ஸ்ட்ரேஞ்சின் நிறையைச் செருகினால் போதும், ஹைப்பரானுக்குப் பெரும்பாலும் புதிய கைப்பிடி வேண்டாம், விடை வரும். அது முன்கூட்டிச் சொன்னது.

சிக்மா பிளஸ் என்பதை எடுங்கள்: இரண்டு அப், ஒரு ஸ்ட்ரேஞ்ச். அதைப் புரோட்டானோடு வையுங்கள், இரண்டின் சுழற்சியும் மேல்நோக்கி. புரோட்டானில் மூன்றில் இரண்டு நிகழ்தகவோடு இரண்டு அப் மேல்சுழற்சி. சிக்மா பிளஸ்ஸிலும் அதே மூன்றில் இரண்டோடு இரண்டு அப் மேல்சுழற்சி. இரண்டும் சேர்ந்து வரும் நிகழ்தகவு ஒன்பதில் நான்கு. அப்போது அந்த ஒரே பெஞ்சில் நான்கு பேர். இடம் மூன்று! இங்கே விலைப் பேச்சே கிடையாது, கண்டக்டர் ஏற்றவே மாட்டார். மீதி அமைப்புகளிலும் நெரிசல்தான். நீங்கள் படித்த அந்த வரி இங்கே முழு உண்மையாகிறது.

1980-களிலேயே ஓகா, ஷிமிசு, யசாகி இந்தச் சீட் கணக்கை நியூக்ளியான், லாம்டா, சிக்மா முதலான எட்டு பேரியான்களுக்கும் போட்டுவிட்டார்கள். அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் மூன்றையும் சமமாகப் பாவிக்கும் எஸ்யு(3) என்ற சமச்சீர்க் கணித மொழியில் எட்டை எட்டோடு பெருக்கினால் ஆறு குடும்பங்கள் வரும். அதில் ஒரு எண்மக் குடும்பத்துக்குச் சீட்டே இல்லை. சிக்மா பிளஸ், புரோட்டான் இருக்கும் பதின்மக் குடும்பத்துக்கு ஏறக்குறைய இல்லை. ஒருமைக் குடும்பத்துக்கோ சீட்டும் தாராளம், டிக்கெட்டும் மலிவு. அந்த ஒருமைக்குத்தான் 1977-இல் ராபர்ட் ஜாஃபி எச் டைபேரியான் என்று பெயர் வைத்து, இரண்டு அப், இரண்டு டவுன், இரண்டு ஸ்ட்ரேஞ்ச் சேர்ந்த அந்தத் துகள் இரண்டு லாம்டாக்களைவிட 80 மெ.எ.வோ. கீழே கட்டுண்டு கிடக்கும் என்றார். மிக ஆசைப்பட்ட எண். 2001-இல் ஜப்பானின் கேஇகே ஆய்வகத்தின் புகைப்படக் குழம்புத் தட்டில் நாகரா நிகழ்வு என்ற ஒரு தடம் கிடைத்தது: ஒரு ஹீலியம் கருவுக்குள் இரண்டு லாம்டாக்கள், ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு மெ.எ.வோ. மட்டும். எச் அவ்வளவு ஆழத்தில் இருந்திருந்தால் அந்த இரண்டும் எப்போதோ எச்சாக மாறியிருக்கும்.

எண் தவறு, ஆனால் திசை சரி. 2007-இல் இஷீ, ஆவோகி, ஹட்சுடா மூவரும் எந்த மாதிரியும் இல்லாமல், குவார்க், குளுவான் சமன்பாடுகளையே கட்டமிட்ட வெளியில் போட்டு நியூக்ளியான் விசையை எடுத்தார்கள். பிறகு அவர்களுடைய ஹால் க்யூசிடி குழு மூன்று குவார்க்குகளுக்கும் ஒரே நிறை கொடுத்து ஆறு குடும்பங்களையும் கணக்கிட்டது. ஒருமையில் விலக்கு மையமே இல்லை, எல்லாத் தூரத்திலும் ஈர்ப்பு. சீட் இல்லாத எண்மத்தில் மிகக் கடுமையான விலக்கம். பெஞ்சு எண்ணிப் போட்ட கணக்கை சூப்பர் கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது.

சோதனை முழுதாக ஒப்புக்கொண்டதா என்றால், இல்லை. ஜப்பானின் தோக்காய் கிராமத்தில் உள்ள ஜே-பார்க்கில் இ40 சோதனை சிக்மா பிளஸ்ஸைப் புரோட்டானில் சிதறடித்து 2022-இல் முடிவு வெளியிட்டது. தேவையான சுழற்சி நிலையின் கட்ட விலகல் (சிதறலில் அலை எவ்வளவு தள்ளிப்போகிறது என்ற கோணம்) 20-லிருந்து 35 டிகிரி. விலக்கம் என்று எடுத்துக்கொண்டால், அது நடுத்தரமானது. எஃப்எஸ்எஸ்2 சொன்ன அளவுக்குக் கடுமை இல்லை. பஸ்ஸில் ஏற முடியாது என்பதை அந்த மாதிரி கொஞ்சம் கூடவே உரக்கச் சொல்லிவிட்டது என்பது என் எண்ணம். மணியின் அகலத்தையும் மீசான் பங்கையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

லாம்டாவைப் பற்றி இரண்டு வரி. அதன் ஐசோஸ்பின் (அப், டவுன் வேறுபாட்டைக் கணக்கில் வைக்கும் எண்) பூஜ்யம் என்பதால் ஒற்றைப் பையானைப் பரிமாறிக்கொண்டு லாம்டாவாகவே இருக்க அதற்கு அனுமதி இல்லை. நடுவில் சிக்மாவாக மாறித் திரும்ப வேண்டும். அதனால் விசையின் கை குட்டை, அணுக்கருவுக்குள் அதைப் பிடித்துவைக்கும் ஈர்ப்புப் பள்ளத்தின் ஆழம் சுமார் 30 மெ.எ.வோ. (நியூக்ளியானுக்கு 50 பக்கம்). இன்னொன்று, அதன் சுழற்சி முழுவதும் ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கிடம் இருக்கிறது, அப், டவுன் ஜோடி சுழற்சியில்லாதது என்றேன் அல்லவா? கார்பன் 13 லாம்டா கருவில் சுழற்சி, பாதைப் பிளவு (சுழற்சியும் சுற்றுப்பாதையும் சேரும் விதத்தால் ஆற்றல் பிரியும் அளவு) வெறும் 0.15 மெ.எ.வோ. என்று அளந்தபோது, நியூக்ளியானுக்கு அது பல மெ.எ.வோ. இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் திகைத்தார்கள். குவார்க் மாதிரிக்காரர்களுக்கு அது பெரிய திகைப்பு இல்லை.

இதெல்லாம் ஏதோ ஆய்வக விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நியூட்ரான் நட்சத்திரத்தின் நடுவில் அடர்த்தி அணுக்கருவைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆனதும், நியூட்ரான் பெஞ்சுகள் நிரம்பி வழிய, சில நியூட்ரான்கள் லாம்டாவாக மாறினால் லாபம் என்ற நிலை வரும். மாறினால் அழுத்தம் குறையும், நட்சத்திரம் தாங்கும் எடை குறையும். ஆனால் 2010 முதல் சூரியனைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிறையுள்ள நியூட்ரான் நட்சத்திரங்களை அளந்துவிட்டார்கள். எங்கோ கூடுதல் விலக்கம் வேண்டும். அது ஹைப்பரான் விசையில் இருக்கிறதா, மூன்று பேரியான்கள் சேரும்போது வருகிறதா என்பதில்தான் சண்டை.

உங்களுக்கு இரண்டு கணக்கு. ஒமேகா ஹைப்பரான் (முன்பு பார்த்த ஒமேகா மீசான் அல்ல), மூன்று ஸ்ட்ரேஞ்ச். அதைப் புரோட்டானோடு வையுங்கள். பொதுவான குவார்க் ஒன்றுகூட இல்லை, இருவரும் வெவ்வேறு பெஞ்சு. சீட் தகராறு வர வழியே இல்லை என்பதைப் பார்ப்பீர்கள். செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் குழு 2020-இல், புரோட்டான் மோதல்களில் ஜோடியாகப் பிறக்கும் ஒமேகாவும் புரோட்டானும் எப்படி ஒன்றையொன்று நாடுகின்றன என்று அளந்து, வலுவான ஈர்ப்பைக் கண்டது. இரண்டாவது, சிக்மா மைனஸும் (இரண்டு டவுன், ஒரு ஸ்ட்ரேஞ்ச்) நியூட்ரானும். எலக்ட்ரானின் இடத்தை எதிர் மின்னூட்டத்தோடு பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், நியூட்ரான் நட்சத்திரத்துக்குள் முதலில் நுழையும் ஹைப்பரான் சிக்மா மைனஸ்தான் என்று வெகுகாலம் நினைத்தார்கள். டவுன் பெஞ்சில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ரெட்டிச்சாவடி வருவதற்குள் முடித்துவிடலாம்.